ஈஸ்டருக்கு வாழ்த்து மட்டும் போதுமா? ஒரு பெருநாளும் சில காலண்டர் கணக்குகளும்

புனித வெள்ளி அன்று காலையில் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வந்து விழும் மெசேஜ் ஒன்று உண்டு: ‘ஹேப்பி குட் ஃப்ரைடே!’ கூடவே ஒரு பூங்கொத்து, ஒரு கும்பிடு எமோஜி. அனுப்புகிறவர் நல்ல மனசோடுதான் அனுப்புகிறார். வாங்குகிறவருக்குத்தான் என்ன பதில் போடுவதென்று தெரியாது. இயேசு சிலுவையில் இறந்ததை நினைத்து, சாப்பாட்டைக் குறைத்து, துக்கம் அனுசரிக்கும் நாள் அது. ‘தேங்க்ஸ்’ என்று போட்டுவிட்டுப் பலரும் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதில் யாரும் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால், இந்தச் சின்னக் குழப்பம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கிறிஸ்துமஸ் இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த பண்டிகை. ஸ்டார், கேக், குடில், ஆபீஸில் சீக்ரெட் சான்டா என்று அது மதம் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அதைவிடப் பெரிய பெருநாள் ஈஸ்டர். அது மட்டும் இன்னும் கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு ‘லாங் வீக்எண்ட்’.

பக்கத்து சீட் நண்பருக்கு விவரம் தெரியாமல் போனால் நஷ்டம் பெரிதில்லை. தேர்தல் தேதி குறிப்பவருக்கும், மாநாட்டுக்கு நாள் பார்ப்பவருக்கும், ‘ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு’ என்று சர்க்குலர் போடுபவருக்கும் தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

தேதி ஏன் ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது?

கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 25 என்று நிலையான தேதி இருக்கிறது. ஈஸ்டருக்கு அப்படி இல்லை. அது நிலாவைப் பார்த்து நகரும் பண்டிகை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். (இந்தப் பௌர்ணமி திருச்சபையின் அட்டவணைக் கணக்குப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது.) அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்ற முடிவு, கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் எடுக்கப்பட்டது.

தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பங்குனி உத்திரமும் சித்ரா பௌர்ணமியும் வருவது இதே பருவத்தில்தான். ஈஸ்டர் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமிக்குப் பிறகு வரும். சில வருஷங்களில் சித்திரைப் பௌர்ணமிக்குப் பிறகு வரும். அதாவது, முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவரும், மதுரையில் அழகரைப் பார்க்க நிற்பவரும், குருத்தோலை பிடித்துப் பவனி போகிறவரும் பல வருஷங்களில் ஒரே நிலாவின் கீழ்தான் நிற்கிறார்கள்.

2019-ல் கள்ளழகர் வைகையில் இறங்கிய ஏப்ரல் 19-ம் தேதிதான் புனித வெள்ளி. 2017-ல் புனித வெள்ளி ஏப்ரல் 14 அன்று வந்தது. அதே நாள்தான் தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் மாங்காய்ப் பச்சடி, அடுத்த வீட்டில் உபவாசம். இந்த ஊர்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை.

அந்த 40 நாட்களில் என்ன நடக்கிறது?

ஈஸ்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் பார்த்தால் புரியாது. அதற்கு முன்னால் 40 நாள் தவக்காலம் இருக்கிறது. சீர்திருத்தச் சபையார் ‘லெந்து நாட்கள்’ என்பார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் தொடங்குகிறது. அந்த நாளுக்குத் தமிழில் ‘திருநீற்றுப் புதன்’ என்று பெயர். பேச்சு வழக்கில் ‘விபூதிப் புதன்’. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதற்கு ‘ஒருசந்தி’, கறி-மீன் விலக்குவதற்கு ‘சுத்தபோசனம்’. இவை எதுவும் வெளியூரிலிருந்து இறக்குமதியான சொற்கள் அல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காலத்திலிருந்து, இந்த மண்ணின் சமயச் சொற்களைக் கொண்டே தமிழ்க் கிறிஸ்தவம் தன்னைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. கொடியேற்றம், தேர், சப்பரம், திருவிழா எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும்.

தவக்காலத்தின் கடைசி வாரம்தான் புனித வாரம். குருத்தோலை ஞாயிறில் தொடங்கும். பெரிய வியாழன் மாலையில் இயேசுவின் கடைசி இரவு உணவை நினைவுகூரும் வழிபாடு; குருவானவர் 12 பேரின் பாதங்களைக் கழுவுவார். கேரளத்தில் அன்று வீட்டில் பெசஹா அப்பம் செய்து, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுப்பார். வெள்ளியன்று சிலுவைப் பாதை. சி.எஸ்.ஐ. உள்ளிட்ட சபைகளில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய தியானம். சனி இரவு விளக்கெல்லாம் அணைத்த கோயிலில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரி ஏற்றும் திருவிழிப்பு. சீர்திருத்தச் சபைகளில் ஞாயிறு விடியற்காலை ஆராதனை. சில ஊர்களில் அது கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வியாழன் மாலை முதல் ஞாயிறு காலை வரை எல்லாமே ஒரே வழிபாட்டின் பகுதிகள். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது, கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு போய் நிற்பது மாதிரி. சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் தூத்துக்குடி, நாகர்கோவில் பிள்ளைகள் புதன் இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் தேடுவது அதனால்தான். ஆபீஸ் காலண்டரிலோ வெள்ளிக்கிழமை மட்டும் சிவப்பு மையில் இருக்கும்.

எங்கே இடிக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்துக்கள் 79.8 சதவீதம், கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், அதாவது சுமார் 2.78 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 6.1 சதவீதம். கேரளத்தில் 18.4, மணிப்பூரில் 41.3, நாகாலாந்தில் 87.9 சதவீதம். நாட்டளவில் சிறிய எண்ணிக்கை. சில மாநிலங்களில் அப்படி அல்ல.

சட்டப்படி புனித வெள்ளிக்குக் குறை சொல்ல முடியாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு அது கட்டாய விடுமுறை. பங்குச் சந்தையும் மூடியிருக்கும். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் தனியாக லீவு தேவையில்லை என்று தோன்றும். சிக்கல் தொடங்குவது அந்த ஞாயிறு வேலை நாளாக மாறும்போதுதான்.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. அது நிதியாண்டின் கடைசி நாள். அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வருமான வரி அலுவலகங்கள் 29, 30, 31 என மூன்று நாளும் திறந்திருக்க உத்தரவு வந்தது. புனித வெள்ளி, சனி, ஈஸ்டர் என மூன்றும் அதில் போயின. மணிப்பூரில் மாநில அரசு அலுவலகங்களுக்கும் சனி, ஞாயிறு இரண்டையும் வேலை நாளாக அறிவித்தார்கள். பத்தில் நான்கு பேர் கிறிஸ்தவர்களாக இருக்கும் மாநிலம் அது. 2023 மே மாதத்திலிருந்து வன்முறையில் காயப்பட்டுக் கிடந்த மாநிலமும்கூட. எதிர்ப்பு கிளம்பியதும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் உத்தரவிலிருந்து எடுத்தார்கள்.

கணக்கு முடிப்பது முக்கியமான வேலைதான். ஆனால், மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை என்பதும் அன்று ஈஸ்டர் என்பதும் பல வருஷங்களுக்கு முன்பே தெரிந்த தகவல். பணிகளை இரண்டு நாள் முன்கூட்டித் திட்டமிட்டிருக்கலாம். கிறிஸ்தவ ஊழியர்களுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்திருக்கலாம்.

2015-ல் இதே கேள்வி நீதித்துறையின் உச்சியிலேயே எழுந்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் மாநாடு ஏப்ரல் 3-ம் தேதி தொடங்கியது. அன்று புனித வெள்ளி. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த குரியன் ஜோசப், தலைமை நீதிபதிக்கும் பிரதமருக்கும் கடிதம் எழுதித் தன் வருத்தத்தைச் சொன்னார். நீதிமன்ற வேலை நாள் கெடக் கூடாது, அதனால் விடுமுறை நாட்களில் மாநாடு என்பது ஒரு வாதம். விடுமுறை எதற்காக விடப்பட்டதோ அதையே அந்த வாதம் மறந்துவிடுகிறது. தீபாவளி அன்றும் நீதிமன்றம் விடுமுறைதான். அன்று மாநாடு வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

மதுரை கற்றுக்கொடுத்த பாடம்

2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 18. மதுரையில் அன்று மீனாட்சியம்மன் தேரோட்டம். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். கிறிஸ்தவர்களுக்கு அன்று பெரிய வியாழன். தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகள் பலவற்றில் வாக்குச்சாவடிகள். வழிபாட்டுக்கு வருகிறவர்களும் வாக்களிக்க வருகிறவர்களும் ஒரே வாசலில் நிற்க வேண்டிய நிலை. தேதியை மாற்றச் சொல்லிக் கிறிஸ்தவத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது.

இந்தக் கதையை ‘அவங்களுக்குக் கொடுத்தாங்க, இவங்களுக்குக் கொடுக்கல’ என்று படிக்க வேண்டியதில்லை. அன்று இடிபட்டது இரண்டு தரப்பும்தான். இரண்டு விழாக்களுமே பௌர்ணமியை ஒட்டி வருபவை. இரண்டும் எந்தத் தேதியில் வரும் என்பது முன்பே தெரியும். தேதி குறிக்கும் மேஜையில் ஒரு பஞ்சாங்கமும் ஒரு திருச்சபைக் காலண்டரும் திறந்து வைக்கப்பட்டிருந்தால், தேரிழுக்கப் போகிறவருக்கும் பாதம் கழுவும் வழிபாட்டுக்குப் போகிறவருக்கும் சேர்ந்தே நிம்மதி கிடைத்திருக்கும். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றேதான்.

‘2 சதவீதத்துக்காக நாடு நிக்கணுமா?’

இந்தக் கேள்வி நியாயமானது. இந்தியாவில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. எல்லோருடைய நாளையும் ஒதுக்கிக்கொண்டே போனால் தேர்தலும் தேர்வும் எப்போதுதான் நடத்துவது?

முதல் விஷயம், யாரும் கூடுதல் லீவு கேட்கவில்லை. ஏற்கெனவே விடுமுறையாக இருக்கும் ஒரு வெள்ளியையும், வாரம் தவறாமல் வரும் ஒரு ஞாயிறையும் வேலை நாளாக மாற்றாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. வருஷத்தில் மூன்று நான்கு நாள் விஷயம். பிறை தெரிவதைப் பொறுத்து அமையும் ரம்ஜான் தேதியைக் கடைசி நிமிஷம் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஈஸ்டரை நூறு வருஷத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். தெரியாது என்று சொல்ல இங்கே இடமில்லை.

இரண்டாவது விஷயம், எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. தாத்ரா-நாகர் ஹவேலி, டாமன்-டையூ நிர்வாகம் 2019-ல் புனித வெள்ளியைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்து, விருப்ப விடுமுறையாக மாற்றியது. மும்பை உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. விருப்ப விடுமுறை என்பது மத்திய அரசு ஊழியர் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. ஊழியர் தன் நாளைத் தானே கேட்டு வாங்க வேண்டும். பொது விடுமுறைக்கு அந்த அவசியம் இல்லை. ‘இந்த நாளும் நம்ம நாட்டு நாள்தான்’ என்று அரசு தானே சொல்கிறது. 2 சதவீதத்தினருக்கு லீவைவிட அந்த வார்த்தைதான் பெரிது.

மூன்றாவது, இடம் கேட்பவர்களும் இடம் கொடுக்க வேண்டும். சபைகள் நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களிலும் படிப்பவர்களிலும் கணிசமானோர் இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்களுடைய நாட்களில் மாதிரித் தேர்வு வைக்காமல் இருப்பதும் இதே கணக்கில்தான் வரும். அதைவிடக் கசப்பான விஷயமும் உண்டு. உயிர்ப்பைக் கொண்டாடும் மதத்தின் கல்லறைத் தோட்டங்களில், தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்கும் சுவர் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. நாட்டிடம் சமமான இடம் கேட்கும் சமூகம், தன் தோட்டத்துச் சுவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காலண்டரைத் தாண்டி, தெருவில்

காலண்டர் ஒரு பக்கம் என்றால், தெரு இன்னொரு பக்கம். டெல்லி திரு இருதய பேராலயத்துக்கு 2023 ஈஸ்டர் அன்று பிரதமர் மோடி நேரில் போனார். 2025 குருத்தோலை ஞாயிறில், பழைய டெல்லி புனித மரியன்னை ஆலயத்திலிருந்து அதே பேராலயத்துக்குக் கத்தோலிக்கர்கள் நடந்து போகும் சிலுவைப் பாதைப் பவனிக்குக் காவல்துறை அனுமதி தரவில்லை. சட்டம் ஒழுங்கு, பாதுகாப்பு என்பது காரணம். முந்தைய நாள் அனுமன் ஜெயந்தி ஊர்வலம் ஒன்றுக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருந்ததைக் காவல்துறை தரப்பு சுட்டிக்காட்டியது.

காவல்துறையின் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு என்ற வரம்பையும் வைக்கிறது. பவனி போகிறவர்களால் ஒழுங்கு கெடுமா, அவர்களைத் தடுக்க வருகிறவர்களால் கெடுமா என்பதை அரசு பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் பயம் என்றால், பவனிக்குப் பாதுகாப்பு கொடுப்பதுதான் வேலை. தலைவர்கள் கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுவது நல்ல காட்சிதான். சாதாரண ஜனங்கள் அதே கோயிலுக்கு நடந்து வர முடிகிறதா என்பதை வைத்துத்தான் அந்தக் காட்சிக்கு மதிப்பு.

பெரிய கோயில்களுக்கு இந்தக் கவலை குறைவு. மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கும் வட மாநிலங்கள் சிலவற்றில், வீட்டுக்குள் கூடி ஜெபிக்கும் சின்னச் சபைகளுக்கு ஈஸ்டர் காலை பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் காலையாக இருக்கிறது. கன்னியாகுமரியில் கொடி கட்டி, மைக் வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியாது. இரண்டுமே இந்திய ஈஸ்டர்தான். தமிழ்நாட்டு அனுபவத்தை மட்டும் வைத்து ‘இங்க எந்தப் பிரச்சினையும் இல்லையே’ என்று முடித்துவிட முடியாது.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல, செலவும் இல்லை.

* தேர்தல் ஆணையம், தேர்வு முகமைகள், பல்கலைக்கழகங்கள் தேதி அறிவிக்கும் முன் எல்லா மதத்தவரின் முக்கிய நாட்களையும் ஒரு பட்டியலாக வைத்துச் சரிபார்ப்பதைக் கட்டாயம் ஆக்கலாம். தவிர்க்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஒரு வரி சொல்லலாம்.

* ஈஸ்டர் ஞாயிறு வேலை நாளாகியே தீர வேண்டும் என்றால், கிறிஸ்தவ ஊழியர்களுக்கு விலக்கும் மாற்று நாளும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். எதிர்ப்பு வந்த பிறகு திருத்துவதை விட அது கௌரவமானது.

* தனியார் நிறுவனங்களில் டீம் லீடர்களால் இன்னும் சுலபமாக முடியும். புனித வியாழன் மாலை ஆறு மணிக்கு ரிவ்யூ மீட்டிங் போடாமல் இருக்கலாம். வார இறுதி ஆன்-கால் டியூட்டியை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்தவ சகாக்கள் ஷிஃப்ட் பார்த்துக்கொள்வது பல ஆபீஸ்களில் வழக்கம்தானே. அந்தக் கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

* வாழ்த்து சொல்ல விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வரை பொறுத்திருந்தால் போதும். வெள்ளியன்று ‘இன்னைக்கு உபவாசமா? கோயில் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டாலே நிறைவாக இருக்கும்.

அடுத்து வரும் தேதிகள் இப்போதே தெரியும். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. நிதியாண்டின் கடைசி வாரத்துக்குள் வருகிறது. 2028-ல் புனித வெள்ளி மறுபடியும் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். அடுத்த மக்களவைத் தேர்தல் வர வேண்டிய 2029-ல் புனித வெள்ளி மார்ச் 30, மறுநாள் ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஈஸ்டர் ஏப்ரல் 1. தேதி குறிக்கிறவர்கள் இப்போதே டைரியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.